கோல் ஏன் விழவில்லை? முன்வரிசையின் தடுமாற்றமும் பயிற்சியாளரின் பொறுப்பும்

மலருக்குக் கட்டுரை கேட்டு வீட்டுக்கு வந்த சங்கத்துத் தம்பிகள் இரண்டு பேரும் காப்பியைக் குடித்து முடித்துவிட்டு ஒரு வேண்டுகோள் வைத்தார்கள். "சார், வருசா வருசம் குடியேற்ற வரலாறு, தாய்மொழிக் கல்வின்னு நீங்க எழுதறது நல்லாத்தான் இருக்குதுங்க. ஆனா பசங்க அந்தப் பக்கத்தைத் திருப்பிக்கூடப் பாக்கறதில்லீங்க. இந்தத் தடவை அவங்களும் படிக்கற மாதிரி ஒண்ணு குடுங்க."

நியாயமான வேண்டுகோள்தான். நம் பிள்ளைகள் எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று ஒரு வாரம் காது கொடுத்துக் கேட்டேன். கொழிஞ்சாம்பாறை பஸ் ஸ்டாண்டிலும் சரி, மூணாறில் என் தங்கை வீட்டு வாசலிலும் சரி, பேச்சு ஒன்றுதான்: புட்பால். அதிலும் ஒரே புலம்பல்: "நம்ம டீம் ஏன் கோல் அடிக்க மாட்டேங்குது? கோச்ச மாத்தணும்." இந்த இரண்டு வாக்கியங்களும் ஒன்றாகவே வருகின்றன. கோல் விழாததற்கும் பயிற்சியாளருக்கும் உண்மையில் என்ன தொடர்பு? ஆளை மாற்றினால் கோல் விழுந்துவிடுமா? இதை எனக்குத் தெரிந்த அளவில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்களானால், ஒரு பள்ளிக்கூட அணியைத் தப்பாக நடத்திய அனுபவம் இருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

லயத்தில் கேட்ட பாடம்

நான் பிறந்தது மூணாறு மலையில், தேயிலைத் தோட்டத்து லயத்தில். அப்பாவுக்குப் பாக்டரியில் வேலை. அம்மா கொழுந்து எடுத்தவர். எங்கள் முன்னோர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து கங்காணி பின்னால் மலையேறியவர்கள். வெள்ளைக்காரத் துரைமார் மலையில் விட்டுப்போனவற்றுள் கால்பந்தும் ஒன்று. தோட்டத்துக்குத் தோட்டம் டீம் உண்டு. தோட்ட அணிகள் மோதும் பின்லே கேடயப் போட்டி எங்களுக்கு இன்னொரு திருவிழா. ஜேம்ஸ் பின்லே கம்பெனியின் பெயர் தாங்கிய கேடயம் அது. தோட்டங்கள் பின்னர் டாடாவின் கைக்கு வந்தன. 2005-ல் தொழிலாளர்களும் பங்குதாரர்களாக உள்ள கண்ணன் தேவன் கம்பெனி உருவானது. கம்பெனி எத்தனை முறை மாறினாலும் கேடயத்தின் பெயர் மட்டும் மாறவில்லை.

அன்றைய ஆட்டத்தில் முன்வரிசைக்கு ஐந்து பேர். ஆங்கிலம் ஒரு எழுத்தும் தெரியாத பெரியவர்கள்கூட "ரைட் அவுட்டு, ரைட் இன்னு, சென்டர் பார்வேடு, லெப்ட் இன்னு, லெப்ட் அவுட்டு" என்று விரல் மடக்கிச் சொல்வார்கள். ஒரு தடவை எங்கள் தோட்டத்து சென்டர் பார்வேடு ஆட்டம் முழுக்க ஒரு கோலும் அடிக்கவில்லை. சனம் அவரை வாய்க்கு வந்தபடி ஏசியது. நானும் சேர்ந்து கத்தினேன். அப்பா என் தோளைப் பிடித்து அமுக்கிச் சொன்னார்: "ஏலே, கொழுந்து வந்து சேராம பாக்டரி ஓடுமா? மெசினைத் திட்டி என்னலே பிரயோசனம்?"

அந்த ஒரு வாக்கியத்தை நான் அன்றே புரிந்துகொண்டிருந்தால், பின்னால் ஒரு பையனுக்குச் செய்த தீங்கைச் செய்திருக்க மாட்டேன்.

முன்வரிசை என்றால் யார்?

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். ஐந்து பேர் முன்னால் நிற்கும் அமைப்பு இன்று கிடையாது. அது மாறிய கதைக்குள்ளேயே நம் கேள்விக்குப் பாதி விடை இருக்கிறது.

ஆப்சைடு விதி தெரியுமல்லவா? முன்னால் நிற்கும் ஆளுக்குப் பந்து தட்டப்படும் நேரத்தில் அவருக்கும் எதிரணிக் கோல் கோட்டுக்கும் நடுவே குறைந்தது மூன்று எதிராளிகள் இருக்க வேண்டும் என்பது பழைய விதி. தடுப்பாட்டக்காரர்கள் இதைத் தந்திரமாகப் பயன்படுத்தி ஆட்டத்தையே முடக்கிவிட்டார்கள். கோல் குறைந்தது. எனவே 1925-ல் மூன்று என்பதை இரண்டாகக் குறைத்தார்கள். முன்வரிசைக்கு வசதி கூடியது. அதைச் சமாளிக்க இங்கிலாந்தின் அர்செனல் அணியை நடத்திய ஹெர்பர்ட் சாப்மன், நடுவில் நின்ற சென்டர் ஹாபைப் பின்னுக்கு இழுத்து மூன்றாவது தடுப்பாளராக்கினார். அதனால் நடுவில் இடம் காலியானது. முன்வரிசையின் 'இன்' ஆட்டக்காரர்கள் இருவரும் சற்றுக் கீழே இறங்கி வந்து அதை நிரப்பினார்கள். ஐவர் வரிசை மூவராயிற்று. பின்வந்த ஆண்டுகளில் பல அணிகள் ஒற்றை ஆளையே முனையில் நிறுத்தத் தொடங்கின.

இதிலிருந்து பெறப்படும் உண்மை என்ன? முன்வரிசை என்பது முன்னால் நிற்கும் ஆட்களின் பெயர்ப் பட்டியல் அல்ல. பின்னாலிருந்து பந்தைக் கொண்டுவரும் வழி அது. அந்த வழியின் கடைசி மனிதர்தான் கோல் அடிப்பவர். இன்று பின்களத்துப் பக்கத் தடுப்பாளர் மேலே ஏறிப் பந்தை உள்ளே அனுப்புகிறார், நடுக்களக்காரர் இடைவெளி பார்த்துத் தட்டிவிடுகிறார், கோல்கீப்பர்கூடத் தாக்குதலைத் தொடங்கி வைக்கிறார். பெயர் ஒருவருக்குப் போகிறது. வேலை பதினொரு பேருடையது.

கோல் வறட்சிக்கு நான்கு காரணங்கள்

ஓர் அணி தொடர்ந்து கோல் அடிக்கவில்லையென்றால் பெரும்பாலும் கீழ்க்கண்ட நான்கில் ஒன்றோ பலவோ காரணமாக இருக்கும்.

முதலாவது, பந்து போய்ச் சேராமை. அடுத்த ஆட்டத்தைப் பார்க்கும்போது ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். கோலுக்கு முன்னால் உள்ள பெட்டிக்குள் உங்கள் முனை ஆட்டக்காரர் எத்தனை தடவை பந்தைத் தொடுகிறார் என்று கோடு போட்டு வாருங்கள். முழு ஆட்டத்தில் இரண்டு மூன்று கோடுதான் விழுகிறது என்றால் அவர் காலில் குற்றமில்லை.

இரண்டாவது, வரிசைகளுக்கிடையே பள்ளம். தடுப்பு வரிசை பயந்து பின்னால் போய் நிற்கும். முனையில் இருப்பவர் முன்னால் ஓடிவிடுவார். நடுவில் நாற்பது கஜம் வெறும் புல். அப்போது பந்தைத் தூக்கி அடிப்பதைத் தவிர வேறு வழி இருக்காது. தூக்கி அடித்த பந்து யாருக்கும் சொந்தமில்லை.

மூன்றாவது, ஒரே ஆளை நம்பி இருத்தல். ஒருவர் நன்றாக அடிக்கிறார் என்றால் எல்லாரும் அவரையே பார்த்துப் பந்து போடுவார்கள். எதிரணிப் பயிற்சியாளருக்கு இதைவிட எளிதான வேலை கிடையாது. இரண்டு ஆளை அவர் மேல் போட்டுவிட்டால் வேலை முடிந்தது.

நான்காவது, மனம். கோல் அடிக்காமல் மூன்று ஆட்டம் போனவனுக்குக் கோல் கம்பம் சுருங்கித் தெரியும். சும்மா தட்டிவிட வேண்டிய பந்தை வேகமாக உதைப்பான். உதைக்க வேண்டிய இடத்தில் பயந்து பாஸ் செய்வான். கூட்டமும் கோச்சும் சேர்ந்து கத்தினால் இன்னும் மோசம்.

இந்த நான்கில் எதையாவது ஆட்டக்காரர் தனியாகச் சரிசெய்ய முடியுமா? நான்காவதைக்கூட அவரால் மட்டும் முடியாது. நான்குமே பயிற்சியாளரின் பொறுப்பில் வருபவை. ஆகவே "கோச் சரியில்ல" என்று நம் பிள்ளைகள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. "அதனால மாத்தணும்" என்பதுதான் ஆராய வேண்டிய பகுதி. அதற்கு நமக்கு மிகப் பக்கத்தில் உள்ள இரண்டு அணிகளையே எடுத்துக்கொள்வோம்.

ஒரு வீட்டில் இரண்டு நிறம்

எல்லையில் வாழும் நமக்கு எதிலும் இரண்டு பக்கம் உண்டு. பாலக்காட்டின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் எங்களுக்குக் கொச்சி சில மணி நேரப் பயணம். சென்னை ஓர் இரவுப் பயணம். ரேஷன் கார்டு மலையாளத்தில், கல்யாணப் பத்திரிகை தமிழில். 2014-ல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியபோது எங்கள் தெருவும் இரண்டாகப் பிரிந்தது. மஞ்சள் சட்டை கேரளா பிளாஸ்டர்ஸுக்கு, நீலச் சட்டை சென்னையின் எப்.சி.க்கு. என் அண்ணன் பேரன்கள் இருவரில் மூத்தவன் மஞ்சள், இளையவன் நீலம். ஒரே டிவி, ஒரே பாய்.

2020 பிப்ரவரி 1-ம் தேதி இரவு நினைவிருக்கிறது. கொச்சியில் ஆட்டம். கேரளாவின் பார்த்தலோமியு ஓக்பெச்சே மூன்று கோல் அடித்தார். சொந்த மண்ணில் ஒருவர் மூன்று கோல் அடித்தும் கேரளா 6-3 என்று சென்னையிடம் தோற்றது. இளையவன் கூரை பிய்யக் கத்தினான். மூத்தவன் சாப்பிடாமல் படுத்துவிட்டான். எனக்கு அன்றிரவு தூக்கம் வராததற்குக் காரணம் வேறு. அதே பருவத்தின் தொடக்கத்தில் ஒரு கோலுக்குத் தவம் கிடந்த அணி அல்லவா சென்னை? அது எப்படி ஆறு கோல் அடிக்கும் அணியானது?

சென்னையின் கதை: மாற்றம் பலித்தது

ஜான் கிரகரி என்ற ஆங்கிலேயர் 2018 மார்ச்சில் சென்னைக்குக் கோப்பை வாங்கித் தந்தவர். அடுத்த பருவத்தில் அதே அணி 18 லீக் ஆட்டங்களில் இரண்டே வெற்றியோடு கடைசி இடத்துக்கு விழுந்தது. நிர்வாகம் அவரை விலக்கவில்லை. புதிய முன்வரிசையும் வாங்கிக் கொடுத்தது: லித்துவேனியாவின் நெரியுஸ் வால்ஸ்கிஸ், பிரேசிலின் ரஃபேல் கிரிவெல்லாரோ, மால்ட்டாவின் ஆந்த்ரே ஷெம்ப்ரி, மிசோரத்து லாலியன்சுவாலா சாங்தே.

2019-20 பருவம் தொடங்கியது. கோவாவிடம் 0-3. மும்பையோடு 0-0. கொல்கத்தாவின் ஏ.டி.கே.யிடம் 0-1. பெங்களூருவிடம் 0-3. நான்கு ஆட்டம், ஒரு கோலும் இல்லை. ஐந்தாவது ஆட்டத்தில், ஐதராபாத்துக்கு எதிராக 90 நிமிடம் தாண்டிய பிறகுதான் முதல் கோல் விழுந்தது. ஆறாவது ஆட்டம் முடிந்ததும், நவம்பர் இறுதியில், கிரகரி விலகினார்.

டிசம்பரில் வந்தவர் ஓவன் கோயல். தாமே ஒரு காலத்தில் கோல் அடித்துப் பிழைத்தவர். அவர் கையிலிருந்ததும் அதே வால்ஸ்கிஸ், அதே கிரிவெல்லாரோ, அதே சாங்தேதான். ஆட்டத்தைப் பார்த்தவரையில் எனக்குத் தெரிந்த மாற்றங்கள் மூன்று. கிரிவெல்லாரோ ஒரு இடத்தில் கட்டுண்டு நிற்காமல் நடுவுக்கும் முனைக்கும் இடையே விருப்பம்போல் நகர்ந்தார். அணி முழுவதும் பத்துப் பதினைந்து கஜம் முன்னே ஏறி நின்றது, பள்ளம் மறைந்தது. தவறவிட்டவனைத் திட்டுவதற்குப் பதிலாக மறுபடியும் அடிக்கச் சொன்னார்கள். விளைவு, நான்கு ஆட்டம் பட்டினி கிடந்த வால்ஸ்கிஸ் பருவம் முடியும்போது 15 கோலோடு தங்கக் காலணி பெற்றார். அணி நான்காம் இடம் பிடித்து, அரையிறுதியில் கோவாவை இரண்டு ஆட்டமும் சேர்த்து 6-5 என்று வென்று இறுதிக்குப் போனது. 2020 மார்ச் 14-ல், கொரோனா அச்சத்தால் ஆளில்லாத கோவா மைதானத்தில், ஏ.டி.கே.யிடம் 3-1 என்று தோற்றது. அது வேறு கதை.

ஆட்கள் அதேதான். கால்கள் அதேதான். கொழுந்து மட்டும் பாக்டரிக்கு வந்து சேர ஆரம்பித்தது.

"அப்படின்னா கோச்ச மாத்தினது சரிதானே தாத்தா?" என்று இளையவன் கேட்பான். அவனை நிறுத்தி, அண்ணனின் அணியையும் பார்க்கச் சொல்கிறேன்.

கொச்சியின் கதை: மாற்றமே நோயானது

கேரளா பிளாஸ்டர்ஸ் முதல் பருவத்திலேயே இறுதிக்குப் போன அணி. ஆனால் கணக்கைப் பாருங்கள்: 2014-ல் 14 லீக் ஆட்டங்களில் அது அடித்த கோல் ஒன்பதே ஒன்பது. தடுப்பின் பலத்தில் கரையேறி, இறுதியில் கொல்கத்தாவிடம் 1-0 என்று தோற்றது. கோல் வறட்சி முதல் ஆண்டிலேயே இருந்தது. வெற்றி அதை மறைத்துவிட்டது.

அதன் பிறகு என்ன நடந்தது? டேவிட் ஜேம்ஸ் போனார். 2015-ல் பீட்டர் டெய்லர் வந்து பருவத்தின் நடுவிலேயே போனார், டிரெவர் மார்கன் தற்காலிகமாக நின்றார், டெரி ஃபெலன் முடித்தார், அணி கடைசி. 2016-ல் ஸ்டீவ் காப்பல் இறுதிவரை கொண்டுபோனார், கொச்சியிலேயே பெனால்டியில் தோல்வி, அவரும் தங்கவில்லை. 2017-18-ல் ரெனே மியூலன்ஸ்டீன், நடுவில் மறுபடி டேவிட் ஜேம்ஸ். 2018-19-ல் ஜேம்ஸ் போய் நெலோ விங்கடா. பிறகு எல்கோ ஸ்கட்டோரி. பிறகு கிபு விகுன்யா. அவரும் பருவம் முடியுமுன் 2021 பிப்ரவரியில் போனார். ஏழு பருவத்துக்குள் பத்து முறை கை மாறியது.

நம் வீட்டுப் பிள்ளைக்கு ஆறு மாதத்துக்கு ஒரு வாத்தியார் மாறினால் என்ன ஆகும்? ஒருவர் வாய்ப்பாட்டிலிருந்து தொடங்குவார், இன்னொருவர் அதெல்லாம் வேண்டாம் என்பார், மூன்றாமவர் வந்து புத்தகத்தையே மாற்றுவார். பரீட்சை மட்டும் மாறாமல் வரும். கால்பந்திலும் அப்படித்தான். ஒரு பயிற்சியாளர் நீண்ட பந்தை விரும்புவார், அதற்கேற்ற உயரமான ஆட்களை வாங்குவார். அடுத்து வருபவர் குறும்பாஸ்காரர். அந்த உயரமான ஆட்களை வைத்துக்கொண்டு முழிப்பார்.

இதில் கவனிக்க வேண்டியது ஸ்கட்டோரியின் 2019-20 பருவம். ஓக்பெச்சே 15 கோல், ரஃபேல் மெஸ்ஸி பவுலி 8 கோல். அணி அடித்த மொத்தம் 29-ல் 23 கோல் இரண்டே பேருடையது. முன்வரிசை பிரமாதம் என்றுதானே சொல்வீர்கள்? அணி ஏழாம் இடம். அடித்ததைவிட வாங்கியது அதிகம். கோல் அடிக்க ஆள் இருந்தும் அணி இல்லை என்றால் முடிவு இதுதான். அந்த ஆறு-மூன்று இரவும் இதைத்தான் காட்டியது.

2021-ல் செர்பியாவின் இவான் வுகோமனோவிச் வந்தார். முதல் ஆட்டமே 4-2 தோல்வி. பழைய வழக்கப்படி முணுமுணுப்பு எழுந்திருக்க வேண்டும். ஆனால் அடுத்த பத்து ஆட்டங்களில் அணி தோற்கவில்லை. முந்தைய பருவம் 20 ஆட்டத்தில் 23 கோல் அடித்த அணி, இந்தப் பருவம் அதே 20 ஆட்டத்தில் 34 கோல் அடித்தது. ஆல்வரோ வாஸ்கெஸ், ஹோர்ஹே பெரேரா டியாஸ், ஆட்ரியன் லூனா, சகல் அப்துல் சமது என்று கோல் பலர் காலிலிருந்து வந்தது. 2022 மார்ச் 20-ல் இறுதி ஆட்டம். ஐதராபாத்திடம் மறுபடியும் பெனால்டியில் தோல்வி. கோப்பை கிடைக்காவிட்டாலும் அவர் மூன்று பருவம் இருந்தார், மூன்றிலும் அணி பிளே ஆப் சுற்றுக்குப் போனது. 2023-24-ல் திமித்ரியோஸ் டியமன்டகோஸ் 13 கோலோடு தங்கக் காலணி பெற்றார். அவரும் இவானும் போன பிறகு, 2024-ல் வந்த மிக்கேல் ஸ்டாரே அந்த டிசம்பரிலேயே நீக்கப்பட்டார்; அணி எட்டாம் இடத்தில் முடித்தது.

ஆக, சென்னையில் மாற்றம் பலித்தது, கொச்சியில் நிலைத்து நின்றது பலித்தது. இரண்டும் முரண் அல்ல. கோயல் வந்து, இருக்கிற ஆட்களுக்குப் பொருந்தும் ஆட்டத்தைத் தேடினார். இவானுக்கு அந்தத் தேடலுக்கு நேரம் கிடைத்தது. கேள்வி "மாற்றலாமா வேண்டாமா" என்பதல்ல. இந்தப் பயிற்சியாளர் தன் பிள்ளைகளைப் பார்க்கிறாரா, அதற்கு நாம் அவகாசம் கொடுக்கிறோமா என்பதே கேள்வி.

ஒரு பள்ளி ஆசிரியர் செய்த காரியம்

பிள்ளைகளைப் பார்ப்பது என்றால் என்ன என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. 1950 முதல் 1963-ல் மறையும்வரை இந்திய அணியை நடத்தியவர் ஐதராபாத்தின் எஸ். ஏ. ரஹீம். பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1962-ல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுக்குப் போன அவருடைய அணியில் நம் கேரளத்து இரிஞ்ஞாலக்குடை ஓ. சந்திரசேகரனும் இருந்தார். போட்டியின் நடுவில் தடுப்பாட்டத் தூணான ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட வேண்டியதாயிற்று. வேறொருவர் என்றால் ஊருக்கு அனுப்பியிருப்பார். ரஹீம் அவரை அரையிறுதியில் முன்வரிசையில் இறக்கினார். ஜர்னைல் அரையிறுதியிலும் கோல் அடித்தார், இறுதியிலும் அடித்தார். தென்கொரியாவை 2-1 என்று வென்று இந்தியா தங்கம் பெற்றது. தடுப்பாளர் ஒருவருக்குள் முன்வரிசைக்காரர் இருப்பதைக் கண்டுபிடிக்க ஒரு கண் வேண்டியிருந்தது.

ரஹீமும் வாத்தியார், நானும் வாத்தியார். இனி என் கதை.

நான் செய்த பிழை

மலையிலிருந்து இறங்கிப் பாலக்காட்டு எல்லையில் ஒரு தமிழ் மீடியம் பள்ளியில் கணக்கு ஆசிரியரானேன். சின்னப் பள்ளி, விளையாட்டுக்கென்று தனி ஆசிரியர் கிடையாது. "நீங்கதான் மூணாறுக்காரராச்சே சார்" என்று கால்பந்து என் தலையில் விழுந்தது. 2008-ல் உபஜில்லாப் போட்டிக்குப் போனோம். முனையில் ஒரு பையன், எட்டாம் வகுப்பு. குதிரை மாதிரி ஓடுவான். முதல் இரண்டு ஆட்டத்தில் கோல் இல்லை. மூன்றாவது ஆட்டத்தின் இடைவேளையில், எல்லாப் பிள்ளைகளும் சுற்றி நிற்க, "உனக்குக் கால் இருக்குதா கட்டை இருக்குதாடா?" என்று கேட்டேன். அவனை வெளியே உட்கார வைத்தேன். அவனில்லாமலும் கோல் விழவில்லை. தோற்றோம்.

மறுநாள் முதல் அவன் மைதானத்துக்கு வரவில்லை. நான் கூப்பிடவும் இல்லை. அந்த வயதில் நம் பிள்ளைகளுக்குப் பள்ளியோடு இருக்கும் கயிறு மிக மெல்லியது. அடுத்த வருடம் அவன் பள்ளிக்கும் வரவில்லை. வேறு காரணங்களும் இருந்திருக்கலாம். ஆனால் அந்தக் கயிற்றில் ஒரு இழையை அறுத்தது நான்.

அந்த ஆறு-மூன்று ஆட்டம் நடந்த சில நாளில், வேலந்தாவளம் செக்போஸ்ட் பக்கம் டீக்கடையில் ஒருவர் எழுந்து நின்று வணக்கம் சொன்னார். லாரி டிரைவர். அவன்தான். டீக்குக் காசு கொடுக்க விடவில்லை. பேச்சு வாக்கில் நானே ஆரம்பித்தேன், அன்றைக்குத் திட்டியது தப்பு என்று. அவன் சிரித்தான். "அதெல்லாம் விடுங்க சார். ஆனா ஒண்ணு சொல்லட்டுங்களா, தப்பா நெனச்சுக்காதீங்க. அன்னிக்கு மூணு மேட்ச்லயும் எனக்குப் பந்தே வரலீங்க சார்."

பன்னிரண்டு வருடமாக அந்த வாக்கியத்தை அவன் வைத்திருந்திருக்கிறான். நான் கேட்டிருந்தால் இடைவேளையிலேயே சொல்லியிருப்பான். என் நடுக்களத்தில் பந்தை நிறுத்தி முன்னால் அனுப்பத் தெரிந்த பையன் ஒருவனும் இல்லை, நான் யாருக்கும் அதைச் சொல்லிக்கொடுக்கவும் இல்லை. கோடு போட்டுக் கணக்குச் சொல்லித்தரும் வாத்தியாருக்கு, ஒரு ஆட்டத்தில் எத்தனை தடவை பந்து அவனிடம் போனது என்று எண்ணத் தோன்றவில்லை. அப்பா சொன்னது காதில் இருந்தும் மெசினைத்தான் திட்டியிருக்கிறேன்.

நாம் செய்யக்கூடியவை

கொச்சி அணிக்கோ சென்னை அணிக்கோ ஆலோசனை சொல்ல நான் யார்? நம் எல்லைப்புறத்து மைதானங்களுக்கு மட்டும் சில கருத்துகளைச் சங்கத்தின் முன் வைக்கிறேன்.

ஒன்று, நம் பகுதியில் போட்டி நடத்த ஆள் உண்டு, கோப்பை கொடுக்க ஆள் உண்டு, சட்டை வாங்கித் தர ஆள் உண்டு. பயிற்சி கொடுக்கத்தான் ஆள் இல்லை. அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் பயிற்சியாளர் உரிமங்களில் 'டி' என்பது கீழ்ப்படிகளில் ஒன்று. அதற்கு மேல் சி, பி, ஏ என்று ஏறிப் போகலாம். மூணாறு, பீருமேடு பக்கம் இரண்டு பேர், கொழிஞ்சாம்பாறை, கஞ்சிக்கோடு பக்கம் இரண்டு பேர் என்று நம் இளைஞர்களைத் தேர்ந்து அந்தப் படிப்புக்கு அனுப்பும் செலவைச் சங்கம் ஏற்கலாம். ஒரு கோப்பைக்கு ஆகும் செலவு ஒரு பொழுதோடு போகும். ஒரு பயிற்சியாளர் இருபது வருடம் நிற்பார். தமிழில் பேசித் திருத்தும் ஒருவர் மைதானத்தில் நிற்பது மலைப் பிள்ளைகளுக்கு எவ்வளவு பெரிய துணை என்பது அங்கே வளர்ந்தவர்களுக்குத் தெரியும்.

இரண்டு, அப்படி வருபவருக்குக் குறைந்தது இரண்டு வருடம் கொடுப்போம். முதல் போட்டியில் தோற்றவுடன் கமிட்டி கூட்டி ஆளை மாற்ற வேண்டாம்.

மூன்று, மைதான ஓரத்தில் நிற்கும் அப்பாமாருக்கும் மாமாமாருக்கும் ஒரு வார்த்தை. பையன் கோல் அடிக்கவில்லை என்றால், திட்டுவதற்கு முன் பந்து அவனுக்குப் போனதா என்று எண்ணுங்கள். எண்ண நேரமில்லையென்றால் அவனையே கேளுங்கள். ரொம்பச் சுலபமான கேள்விதான்: "பந்து வந்துச்சாடா?"

கால்பந்துக்கு மட்டுமா இது பொருந்துகிறது? பரீட்சையில் மார்க் வாங்காத பிள்ளை, வேலை கிடைக்காத பிள்ளை என்று நாம் முனையில் நிற்பவரையே பார்த்துப் பேசும் இடங்கள் நம் வீடுகளில் எத்தனையோ. அதை வாசகர்களே யோசித்துக்கொள்ளட்டும்.

அந்த லாரி டிரைவரின் மகன் இப்போது பந்து உதைக்கிறான் என்று கேள்விப்பட்டேன். என்ன இடத்தில் ஆடுகிறான் என்று தெரியாது. அவனுக்கு நல்ல பயிற்சியாளர் ஒருவர் கிடைக்க வேண்டும். அந்த ஆளை நம் சங்கம் உருவாக்கித் தந்தால், இந்தக் கட்டுரைக்கு அதைவிடப் பெரிய பயன் வேறில்லை.